புதிய ரீச்சருக்கு ஒரு மூத்த ரீச்சர் துணை

வரலாறு, குடியியற் கல்வி ஆகிய பாடங்களைக் கற்பிக்கும் ஆசிரியைகள் ஒருவருக்கொருவர் கைகொடுப்பது பற்றி

வரலாறும் குடியியற் கல்வியும் எமது பாடசாலைகளில் நீண்ட காலமாக 'வாசித்துப் பாடமாக்கும்' பாடங்களாகவே கருதப்பட்டு வந்துள்ளன. கணித பாடத்துக்கு ஆசிரியர் இல்லையென்றால் பெற்றோர் அதிபரிடம் போய்க் கேட்கின்றனர். விஞ்ஞானத்துக்கு இல்லையென்றால் வலயக் கல்விப் பணிமனைக்குக் கடிதம் போகின்றது. வரலாற்றுக்கு ஆசிரியர் இல்லையென்றால், நேரசூசியில் பாடவேளை குறைவாக உள்ள யாரோ ஒருவரின் கையில் புத்தகம் கொடுக்கப்படுகின்றது. அவர் மனைப்பொருளியல் படித்தவராக இருக்கலாம், சங்கீதம் படித்தவராகவும் இருக்கலாம். பெரும்பாலும் அவர் ஒரு பெண்ணாகவே இருப்பார்.

ஆனால் யுத்தத்தைக் கண்ட பிரதேசங்களின் பிள்ளைகள் மிகக் கடினமான கேள்விகளைக் கேட்பது இந்த இரண்டு பாடங்களில்தான். "என்ர மாமா எங்க போனார் எண்டு இந்தப் புத்தகத்தில இருக்குமா ரீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்கலாம். "அடிப்படை உரிமை எல்லாருக்கும் உண்டு எண்டால் எங்கட காணி ஏன் இன்னும் வரேல்லை?" என்று இன்னொரு பிள்ளை கேட்கலாம். முக்கோணத்தின் பரப்பளவைக் கேட்கும் பிள்ளைக்கு விடை புத்தகத்தில் உண்டு. இந்தக் கேள்விகளுக்கு இல்லை. அந்த நேரத்தில் வகுப்பின் முன்னால் நிற்கும் இளம் ஆசிரியை, தானும் இடம்பெயர்ந்தவள், தானும் ஒருவரை இழந்தவள் என்றால், அவள் என்ன செய்வாள்? பெரும்பாலும், "அது பரீட்சைக்கு வராது, நீர் எழுதும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுவாள். பிள்ளையின் கேள்வி அங்கேயே நின்றுவிடும். ஆசிரியையின் மனதிலும் அது நின்றுவிடும்.

இவ்வாறான வேளையில் அவளுக்கு உதவக்கூடியவர் யார்? பெரிய கருத்தரங்கோ தடித்த கைந்நூலோ அல்ல. அதே பாடத்தைப் பத்து இருபது ஆண்டுகள் கற்பித்து, அதே கேள்விகளுக்கு முகங்கொடுத்த இன்னொரு ஆசிரியைதான். அனுபவமுள்ள ஆசிரியை, இளைய சக ஆசிரியைக்கு அருகிருந்து வழிகாட்டும் இந்த முறை பற்றியே இக்கட்டுரை பேசுகின்றது. ஆசிரியைகளாக உள்ள வாசகிகளுக்கு மட்டுமன்றி, பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பும் எல்லாத் தாய்மாருக்கும் இது உரிய விடயமாகும்.

எமது நாட்டில் இந்தப் பாடங்கள் வந்த வழி

1972 ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தத்தில் வரலாறு, புவியியல், குடியியல் ஆகியவை ஒன்றாக்கப்பட்டு 'சமூகக் கல்வி' என்ற பாடம் உருவானது. இதனால் ஒரு தலைமுறை மாணவர் வரலாற்றைத் தனிப் பாடமாகக் கற்காமலேயே பாடசாலையை விட்டு வெளியேறினர். அவர்களிற் பலர் பின்னர் ஆசிரியர்களாகவும் வந்தனர். 2007 ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துடன் வரலாறு மீண்டும் தனிப் பாடமாகி, க.பொ.த. சாதாரண தரத்தில் கட்டாய பாடங்களுள் ஒன்றாக வந்தது. குடியியற் கல்வியும் தனிப் பாடமாக இடம்பிடித்தது. 2008 இல் சமூக ஒத்திசைவுக்கும் சமாதானத்துக்குமான கல்வி தொடர்பான தேசியக் கொள்கையொன்றைக் கல்வி அமைச்சு வெளியிட்டது. பாடமும் கொள்கையும் வந்தன. யுத்தத்தின் நடுவே அவற்றைக் கற்பிக்கவேண்டிய ஆசிரியை எவ்வாறு தயாராவது என்ற கேள்வி மட்டும் எஞ்சி நின்றது.

வடக்கு கிழக்கில் நிலைமை இன்னும் கடினமானது. யுத்த காலத்தில் பல பாடசாலைகளைத் தாங்கி நின்றவர்கள் தொண்டர் ஆசிரியைகளே. மரத்தின் கீழும் முகாமின் தகரக் கொட்டகையிலும் அவர்கள் கற்பித்தனர். முறையான பயிற்சி பெறுவதற்கு அவர்களுக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. ஆயினும் அழுகின்ற பிள்ளையை எப்படி அணைப்பது, நூறு பிள்ளைகளுக்கு ஒரு புத்தகத்தை வைத்து எப்படிக் கற்பிப்பது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அந்த அறிவு எந்தச் சான்றிதழிலும் எழுதப்படவில்லை. அடுத்தவருக்குச் சொல்லாமல் விட்டால் அவர்கள் ஓய்வுபெறும் நாளோடு அதுவும் போய்விடும்.

மேற்பார்வை வேறு, வழித்துணை வேறு

மூத்தவர் இளையவருக்கு வழிகாட்டுவது எமது கல்வி முறைக்குப் புதியதல்ல. தேசியக் கல்வியியற் கல்லூரிகளில் ஆசிரிய மாணவர்கள் இரண்டு ஆண்டுகள் தங்கிக் கற்றபின், மூன்றாம் ஆண்டில் ஒரு பாடசாலையில் கட்டுறுபயிலுநர்களாகக் கடமையாற்றும் முறை இருந்து வருகின்றது. அக்காலத்தில் அப்பாடசாலையின் மூத்த ஆசிரியர் ஒருவர் அவர்களுக்குத் துணையாக இருப்பார். வலயங்களில் பாடத்துக்குப் பொறுப்பான ஆசிரிய ஆலோசகர்களும் உள்ளனர். ஆனால் ஓர் ஆலோசகர் பல பாடசாலைகளைப் பார்க்கவேண்டியிருப்பதால், தூரக் கிராமத்துப் பாடசாலையொன்றுக்கு அவர் வருவது அரிது. வரும்போதும் பாடக்குறிப்புக் கொப்பியைப் பார்த்துக் கையொப்பம் இடுவதற்கே நேரம் போதாது.

இங்குதான் ஒரு வேறுபாட்டை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். மேற்பார்வை செய்பவர், "சரியாகக் கற்பித்தாயா?" என்று பார்க்கின்றார். வழித்துணையாக வருபவர், "உனக்கு எங்கே கஷ்டமாக இருக்கின்றது?" என்று கேட்கின்றார். முன்னவர் பார்த்தது அறிக்கையாக மேலே போகும். பின்னவர் பார்த்தது அவர்கள் இருவருக்கும் இடையிலேயே இருக்கும். இந்த இரகசியம் காக்கப்படாவிட்டால் இம்முறை முதல் மாதத்திலேயே முறிந்துவிடும். தன் தடுமாற்றம் அதிபரின் காதுக்குப் போகும் என்று தெரிந்தால் எந்த இளைய ஆசிரியை வாய் திறப்பாள்?

அருகிருந்து உதவுவது எவ்வாறு?

யப்பானிய ஆசிரியர்களிடையே நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு வழக்கம் உண்டு. சில ஆசிரியர்கள் ஒன்றுகூடி ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவர். ஒருவர் அதைக் கற்பிக்க மற்றவர்கள் வகுப்பின் பின்னால் இருந்து பிள்ளைகளைக் கவனிப்பர். பின்னர் எல்லோரும் கூடிப் பேசி, அந்தப் பாடத்தைத் திருத்தி, வேறொரு வகுப்பில் இன்னொருவர் கற்பிப்பார். இதற்குப் பெரிய செலவு இல்லை. தேவையானது நேரமும் நம்பிக்கையுமே. இரண்டு ஆசிரியைகள் மட்டுமே உள்ள பாடசாலையிலும் இதனைச் செய்யலாம்.

முதலாவது படி, பாடத்துக்கு முன் கூடி இருத்தல். அரைமணி நேரம் போதும். "இந்தப் பாடத்தில் பிள்ளைகள் என்ன கேட்பார்கள் என்று நினைக்கிறீர்?" என்று மூத்தவர் கேட்க, இளையவர் பயப்படும் கேள்விகள் எல்லாம் ஒரு தாளில் எழுதப்படும். கேள்வி முன்கூட்டியே தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

இரண்டாவது படி, வகுப்பில் அமர்ந்து கவனித்தல். மூத்தவர் இடையில் எழுந்து திருத்தக்கூடாது. பிள்ளைகளின் முன்னால் திருத்தப்பட்ட ஆசிரியை மறுநாள் அந்த வகுப்பில் தலைநிமிர்ந்து நிற்பது கடினம். எந்தப் பிள்ளை பேசியது, எந்தப் பிள்ளை ஒருதரமும் வாய் திறக்கவில்லை, எந்த இடத்தில் வகுப்பு அமைதியாகிப் போனது என்பவற்றை மட்டும் குறித்துக்கொண்டால் போதும்.

மூன்றாவது படி, பாடத்தின் பின் பேசுதல். முதலில் பேசவேண்டியவர் இளையவரே. தன் வகுப்பில் என்ன நடந்தது என்று அவர் சொல்லி முடித்தபின், மூத்தவர் தான் கண்டதைச் சொல்லலாம். நல்லது இரண்டு சொல்லி, மாற்றக்கூடியது ஒன்று சொல்வது நல்ல வழக்கம். எல்லாக் குறையையும் ஒரே நாளில் சொன்னால் ஒன்றும் மனதில் நிற்காது.

நான்காவது படியைத்தான் பலர் மறந்துவிடுகின்றனர். மூத்தவர் கற்பிக்கும்போது இளையவர் வந்து இருக்கவேண்டும். அனுபவமுள்ளவரும் தடுமாறுவார், அவருக்கும் விடை தெரியாமற் போகும் என்பதைக் கண்ணால் காண்பது இளையவருக்குப் பெரும் தைரியத்தைக் கொடுக்கும்.

காயம்பட்ட வகுப்பறையில் கவனிக்க வேண்டியவை

யுத்தத்தைக் கண்ட சமூகத்தில் இந்தப் பாடங்களைக் கற்பிக்கும்போது, புத்தகம் எழுதியவர் நினைத்தும் பார்க்காத இடங்களில் முள் இருக்கும். அனுபவமுள்ள ஆசிரியைக்குத்தான் அது எங்கே இருக்கின்றது என்று தெரியும்.

வரலாற்றில் மூலாதாரங்கள் பற்றிய பாடத்தை எடுத்துக்கொள்வோம். "நாளைக்கு வீட்டில் இருக்கும் பழைய புகைப்படம் ஒன்றைக் கொண்டு வாருங்கள்" என்பது நல்ல செயற்பாடுதான். ஆனால் உடுத்த உடையோடு ஓடிவந்த குடும்பத்துப் பிள்ளையிடம் புகைப்படம் எங்கே இருக்கும்? காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும்கூடத் தொலைந்துபோன வீடுகள் எத்தனை? மறுநாள் அந்தப் பிள்ளை பாடசாலைக்கு வராமலே விடலாம். மூத்த ஆசிரியை அதை வேறுவிதமாக மாற்றித் தருவார்: "அம்மம்மாவிடம் பழைய ஊரின் ஒரு கிணற்றைப் பற்றியோ, ஒரு மரத்தைப் பற்றியோ, சந்தையைப் பற்றியோ கேட்டு எழுதி வாருங்கள்." வாய்மொழியும் ஒரு மூலாதாரமே. எல்லாவற்றையும் இழந்த வீட்டிலும் ஞாபகம் இருக்கும்.

குடியியலில் குடும்பம் பற்றிய பாடமும் அவ்வாறே. "அப்பாவின் தொழிலை எழுதுக" என்ற ஒரு வரி, தந்தை காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையை என்ன செய்யும் என்பதை எம் வாசகிகளுக்குச் சொல்லத் தேவையில்லை. "வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்பவர் செய்யும் வேலைகள்" என்று மாற்றினால், தாய் குடும்பத்தைத் தாங்கும் வீட்டுப் பிள்ளையும் பெருமையோடு எழுதும்.

கடினமான சம்பவங்களைப் பேசும்போது கரும்பலகையை மூன்று பகுதியாகப் பிரிப்பது உதவும். முதலாவதில், நடந்தது என்ன, எப்போது, எங்கே. இரண்டாவதில், அதைப் பற்றி யார் யார் என்ன சொல்கின்றனர். மூன்றாவதில், அது எம்மில் என்ன உணர்வை ஏற்படுத்துகின்றது. உதாரணமாக, 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதும், ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்ததும் முதற் பகுதியில் வரும். பிள்ளையின் கோபம் மூன்றாவது பகுதியில் வரும். இரண்டும் உண்மையே, ஆனால் ஒன்றல்ல. இதைப் பிரித்தறியப் பழகிய பிள்ளையை நாளைக்கு ஒரு வதந்தியால் எளிதில் ஏமாற்ற முடியாது.

அதே நேர்மையோடு, 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டதையும் கரும்பலகையில் எழுதவேண்டும். எமக்கு நேர்ந்ததை மட்டும் வரலாறு என்றும், எம்மவரால் மற்றவருக்கு நேர்ந்ததைப் 'பழைய கதை' என்றும் சொல்ல முடியாது. ஓர் இளைய ஆசிரியை தனியே இதைச் செய்யப் பயப்படுவாள். அயலவர் என்ன சொல்வர், பெற்றோர் என்ன சொல்வர் என்று தயங்குவாள். ஊர் மதிக்கும் மூத்த ஆசிரியை அருகில் இருந்தால் அவள் துணிவாள். வழித்துணையின் உண்மையான பெறுமதி இத்தகைய நாட்களிலேயே தெரியவரும்.

தாய்மார் எழுதிய வரலாறு

பாடநூலில் அரசர்களும் தலைவர்களும் நிறைய வருவர். பெண்கள் எங்கே என்று தேடிப்பார்க்க இளையவருக்குக் கற்றுக்கொடுப்பதும் மூத்தவரின் பணியே. 1927 இல் இலங்கையில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் அமைந்தது. டொனமூர் ஆணைக்குழுவின் முன் பெண்கள் சென்று வாக்குரிமை கேட்டனர். 1931 இல் சர்வசன வாக்குரிமை வந்தபோது பெண்களும் வாக்களித்தனர். அடுத்த ஆண்டு இடைத்தேர்தலில் கொழும்பு வடக்கிலிருந்து நேசம் சரவணமுத்து என்ற தமிழ்ப் பெண் அரசுப் பேரவைக்குத் தெரிவானார். இதை அறிந்த மாணவிக்கு, உள்ளூராட்சி மன்றங்களில் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு 2018 தேர்தலில் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது தானமாகத் தோன்றாது, நீண்ட கோரிக்கையின் தொடர்ச்சியாகத் தோன்றும்.

இன்னொன்றையும் பிள்ளைகள் அறியவேண்டும். 1984 இல் யாழ்ப்பாணத்தில், இளைஞர்கள் கைது செய்யப்பட்டதை எதிர்த்துத் தாய்மார் அன்னையர் முன்னணியாக வீதிக்கு வந்தனர். 1990 இல் தெற்கே மாத்தறையில், ஜே.வி.பி. கிளர்ச்சியும் அதை அடக்கிய நடவடிக்கையும் நடந்த காலத்தில் காணாமல் போன பிள்ளைகளைத் தேடிச் சிங்களத் தாய்மார் அதே பெயரில் ஒன்றுகூடினர். மொழி வேறு, ஆண்டு வேறு, கையில் இருந்த புகைப்படம் ஒன்றுதான். இந்த இரண்டு சம்பவங்களையும் ஒரே பாடவேளையில் அருகருகே வைத்தால், 'அவர்கள்' என்று சொல்லிப் பழகிய பிள்ளை ஒரு நிமிடம் யோசிக்கும். எங்கள் துயரம் அதனால் சிறுத்துப்போவதில்லை.

மற்ற நாடுகளில்

யுத்தத்தின் பின் வரலாற்றைக் கற்பிப்பது எமக்கு மட்டும் உள்ள சிக்கலல்ல. ருவாண்டாவில் 1994 இனப்படுகொலையின் பின் பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பாடசாலைகளில் நாட்டின் வரலாறு கற்பிப்பது நிறுத்தி வைக்கப்பட்டது. பொஸ்னியாவில் 1995 இல் யுத்தம் முடிந்தும், ஒரே கட்டடத்தில் இரு இனப் பிள்ளைகளும் வெவ்வேறாகக் கற்கும் பாடசாலைகள் தொடர்ந்தன. ஐரோப்பியப் பாதுகாப்பு ஒத்துழைப்பு அமைப்பின் 2018 அறிக்கை இத்தகைய 56 பாடசாலைகளைக் குறிப்பிட்டது.

பலஸ்தீனத்திலும் இஸ்ரேலிலும் நடந்த ஒரு முயற்சி எமக்கு அதிகம் பாடம் சொல்வது. இரண்டாவது இன்திபாதா நடந்துகொண்டிருந்த 2002 இல், பலஸ்தீனக் கல்வியாளர் சாமி அத்வானும் இஸ்ரேலிய உளவியலாளர் டான் பார்-ஓனும் சேர்ந்து இரு தரப்பிலிருந்தும் ஆறு ஆறு ஆசிரியர்களை அழைத்தனர். ஊரடங்கையும் சோதனைச் சாவடிகளையும் தாண்டி அவர்கள் சந்தித்தனர். ஒவ்வொரு தரப்பும் தன் வரலாற்றை எழுதியது. பக்கத்தின் ஒரு புறம் இஸ்ரேலியரின் கதை, மறுபுறம் பலஸ்தீனரின் கதை, நடுவில் மாணவர் தாமே எழுதுவதற்கு வெற்றிடம். அந்த ஆசிரியர்கள் இரு கதைகளையும் தம் வகுப்பில் கற்பித்துப் பார்த்து, மீண்டும் கூடி, பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லித் திருத்தினர். அந்த நூலை இரு தரப்பு அரசுகளும் பாடநூலாக ஏற்கவில்லை. 2010 இல் இஸ்ரேலியக் கல்வி அமைச்சு அதன் பாவனையைத் தடுத்தது. யுத்தமும் அங்கு ஓயவில்லை. ஆசிரியர்களால் யுத்தத்தை நிறுத்த முடியாது என்பதை இது காட்டுகின்றது. மற்றவரின் கதையைக் கேட்டுக்கொண்டே தன் கதையைக் கைவிடாமல் கற்பிக்க முடியும் என்பதையும் இது காட்டுகின்றது.

குடியியல் வீட்டுக்கும் வரும்

குடியியற் கல்வி ஒழுங்காகக் கற்பிக்கப்பட்டால் அது பிள்ளையின் கொப்பியோடு வீட்டுக்கு வரும். ஓர் உதாரணம் சொல்லலாம். 2016 ஆம் ஆண்டு 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, அரச அலுவலகமொன்றிடம் எந்தப் பிரசையும் தகவல் கேட்கலாம். அங்குள்ள தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தம் முடிவைச் சொல்லவேண்டும். இதைப் புத்தகத்தில் வாசிப்பதற்குப் பதிலாக, "எமது ஊர் வீதி திருத்துவதற்கு ஒதுக்கிய பணம் எவ்வளவு?" என்று பிரதேச சபைக்கு ஒரு விண்ணப்பத்தை வகுப்பிலேயே எழுதிப் பழகச் செய்தால் எப்படி? அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய், பல அலுவலகங்களின் வாசலில் நின்று களைத்த தன் தாய்க்கும் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கும். பாடம் அங்கேதான் நிறைவடைகின்றது.

நாம் செய்யக்கூடியவை

ஆசிரியைகளாக உள்ள சகோதரிகள், பக்கத்துப் பாடசாலை ஆசிரியை ஒருவரோடு மாதம் ஒருமுறை ஒரு பாடத்தையாவது சேர்ந்து திட்டமிடலாம். ஓய்வுபெற்ற ஆசிரியைகள் தாம் சேர்த்து வைத்த படங்களையும் குறிப்புகளையும் பெட்டிக்குள் கறையானுக்கு விடாமல் இளையவரிடம் கொடுக்கலாம். அதிபர்கள் நேரசூசியில் இருவருக்கும் பொதுவான ஓர் ஓய்வுப் பாடவேளையை ஒதுக்கினால் அதுவே பெரிய உதவி. வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு வேலைக்கு வரும் பெண்ணிடம், பாடசாலை விட்டபின் நின்று பேசும்படி கேட்பது நியாயமல்ல.

தாய்மாருக்கும் ஒரு பங்கு உண்டு. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் கேட்பது போல, "வரலாறு யார் படிப்பிக்கிறார்? அவருக்கு யார் துணை?" என்றும் கேளுங்கள். பிள்ளை வந்து அந்தக் காலத்துக் கதை கேட்டால், வலித்தாலும் சொல்லக்கூடியதைச் சொல்லுங்கள். சொல்ல முடியாததை, "பிறகு சொல்கிறேன்" என்று தள்ளி வைக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆசிரியை ஒருநாள், "இதற்கு எனக்கும் விடை தெரியாது, தேடிப் பார்ப்போம்" என்று வகுப்பில் சொன்னதாகப் பிள்ளை வந்து சொன்னால், அவரைக் குறைவாக எண்ணாதீர்கள். அப்படிச் சொல்வதற்கு அவருக்குப் பின்னால் யாரோ ஒரு மூத்த ரீச்சர் நின்று தைரியம் கொடுத்திருக்கக்கூடும்.